பாறை ஏறும் குட்டி ஜீப்பை வீட்டிலேயே கட்டலாம்... சென்னைவாசிகளுக்கு ஒரு கைடு!

ரிமோட் கார்னாலே சர்ருனு பறக்கணும்னுதான் நினைப்போம். ஆர்.சி ராக் கிராலர் அதுக்கு நேரெதிர். நாம நடக்கிற வேகம்தான் இதோட வேகம். ஆனா, கல், மேடு, வேர் எது வந்தாலும் ஒவ்வொரு சக்கரமா ஊன்றி மெதுவா ஏறிடும். அந்த ஏற்றத்தைப் பார்க்கிறதுலதான் கிக்கே!

ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-ல் போர்ஷே 934 மாடலை ரிமோட் கார் கிட்டாக வெளியிட்டது. அதே டாமியா 1987-ல் கொண்டுவந்த 'கிளாட் பஸ்டர்' என்ற பெரிய டயர் டிரக்கைப் பலர் பிரித்து, மாற்றி, பாறை ஏற வைத்தார்கள். பிறகு ஆக்சியல், ட்ராக்சஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இதற்கென்றே வண்டிகள் செய்யத் தொடங்கின. ஆக்சியலின் எஸ்.சி.எக்ஸ்-10 வரிசையும், 2017-ல் வந்த ட்ராக்சஸின் டி.ஆர்.எக்ஸ்-4-ம் இதில் பிரபலம். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் பொதுவான சைஸ்.

கிட்டா, ரெடிமேடா?

பெட்டியைத் திறந்ததும் ஓட்டக்கூடிய மாடல்களும் உண்டு. அப்புறம் எதுக்கு 200 ஸ்க்ரூவோட மல்லுக்கட்டணும்? காரணம் சிம்பிள். அடையாறில் இருக்கும் உங்கள் கிராலரில் ஒரு கியர் உடைந்தால், தெருமுனை மெக்கானிக் பார்த்துத் தரமாட்டார். நீங்கதான் மெக்கானிக். ஒவ்வொரு பாகத்தையும் உங்க கையால் மாட்டியிருந்தால், சத்தத்தை வைத்தே கோளாறு எங்கேனு சொல்லிடலாம். உடைந்த பாகத்தின் எண்ணை மேனுவலில் பார்த்து, அதை மட்டும் ஆர்டர் பண்ணலாம். இல்லைனா, ஆசையா சேர்த்துவெச்ச காசில் வாங்கின வண்டி பரண்ல போய் உட்கார்ந்திடும்.

பெட்டிக்குள் என்ன இருக்காது?

இதைக் கவனிக்காமல்தான் பலரும் பட்ஜெட்டில் மாட்டிக்கிறாங்க. பெரும்பாலான கிட்களில் சேஸி, ஆக்ஸில், கியர், ஷாக் அப்சார்பர் வரும். ரிமோட், ரிசீவர், ஸ்டீயரிங் சர்வோ, பேட்டரி, சார்ஜர், பெயின்ட் தனி. மோட்டாரும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி-யும் சில கிட்களில் வரும், சிலவற்றில் வராது. விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த லிஸ்ட்டைப் பாருங்க. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸ் வரியும் சேரும்.

எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கணும்னு இல்லை. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தால், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், பேட்டரி கனெக்டர், ஹீட் ஷ்ரிங்க் டியூப் எல்லாம் கிடைக்கும். ஸ்க்ரூ கழன்றுவிடாமல் பிடிக்கும் நீல நிற த்ரெட் லாக்கரை, அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு ஆட்டோமொபைல் கடைகளில் கேளுங்க.

1.5, 2, 2.5 மி.மீ அலென் டிரைவர்கள் கட்டாயம் வேணும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மட்டமான டிரைவர் ஸ்க்ரூ தலையை மழுக்கிவிட்டால் கழற்றுவது பெரும்பாடு.

கட்டலாமா?

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீங்க. இரண்டு வீக் எண்ட் ஒதுக்குங்க.

1. பாக்கெட்டைப் பிரிப்பது: மேனுவல் சொல்லும் வரிசையில் ஒவ்வொரு பாக்கெட்டாகப் பிரிங்க. ஸ்க்ரூக்களை நீள வாரியாகப் போட்டுவைக்க, வீட்டில் இருக்கும் பழைய அஞ்சறைப் பெட்டி செம சாய்ஸ். 8 மி.மீ போட வேண்டிய இடத்தில் 12 மி.மீ போட்டால், அதன் நுனி உள்ளே கியரில் இடிக்கும்.

2. ஆக்ஸில்: சாதாரண காரில் ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால், அது மட்டும் வெட்டியாகச் சுற்றும். டிஃபரன்ஷியல் செய்யும் வேலை அது. கிராலரில் அதைப் பூட்டிவிடுவார்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும், மறுபக்கச் சக்கரம் கல்லைப் பிடித்து இழுக்கும். கியர் பற்களில் கிரீஸ் தடவ மறக்காதீங்க. மாட்டியதும் கையால் சுற்றிப் பாருங்க. எங்கேயும் சிக்காமல் சுற்றணும்.

3. கியர் பாக்ஸ்: மோட்டார் 30, 40 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். இந்த வண்டியின் பலமே அதுதான். மோட்டாரின் சின்ன கியரும், பக்கத்துப் பெரிய கியரும் ரொம்ப நெருங்கினால் சூடாகும். தள்ளிப்போனால் பல் தேயும். நடுவில் ஒரு துண்டு பேப்பரை விட்டு, இரண்டையும் சேர்த்து அழுத்தி மோட்டார் ஸ்க்ரூவை முடுக்குங்க. பேப்பரை உருவினால் சரியான இடைவெளி ரெடி.

4. த்ரெட் லாக்கர்: உலோகத்தில் உலோகம் போகும் இடத்தில் ஒரு துளி போதும். பிளாஸ்டிக்கில் படவே கூடாது, விரிசல் விட்டுவிடும்.

5. ஷாக் அப்சார்பர்: சிலிக்கான் ஆயிலை ஊற்றி, கம்பியை மெதுவாக மேலும் கீழும் அசையுங்க. குமிழிகள் மேலே வரும். பத்து நிமிடம் அப்படியே நிறுத்திவிட்டு மூடுங்க. உள்ளே காற்று தங்கினால் வண்டி துள்ளும்.

6. சர்வோ: இதை மாட்டும் முன்பே ரிமோட்டை ஆன் செய்து, ஸ்டீயரிங்கை நடுவில் வையுங்க. பிறகு கையை மாட்டுங்க. கல்லிடுக்கில் சிக்கிய டயரைத் திருப்ப முறுக்குவிசை அதிகம் தேவை. அதனால 20 கிலோ அளவிலான, மெட்டல் கியர் உள்ள சர்வோ நல்லது.

7. டிராக் பிரேக்: இ.எஸ்.சி-யில் இந்த வசதி இருக்கானு பாருங்க. விரலை எடுத்ததும் வண்டி சரிவிலேயே நிற்க வைப்பது இதுதான்.

8. பாடி: ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம்தான் பெயின்ட். முதலில் சோப்பு போட்டுக் கழுவி, ஜன்னல்களை மறையுங்க. பாலிகார்பனேட்டுக்கான ஸ்பிரேதான் அடிக்கணும், சாதாரண ஸ்பிரே உரிந்துவிடும். மழைநாளில் இந்த வேலையைத் தள்ளிப்போடுங்க.

பேட்டரியில் விளையாட்டு வேண்டாம்

பெரும்பாலும் இதில் 2 செல் லித்தியம் பாலிமர் பேட்டரிதான். முழு சார்ஜில் 8.4 வோல்ட். பேலன்ஸ் சார்ஜரில் மட்டும் போடுங்க. 5,000 எம்.ஏ.எச் பேட்டரி என்றால் 5 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். மெத்தை, சோபா மேல் வைத்து சார்ஜ் போடுவதும், போட்டுவிட்டுத் தூங்குவதும் கூடவே கூடாது. டைல்ஸ் தரையில் வைத்து, பக்கத்திலேயே இருங்க. இரண்டு வாரம் ஓட்டப்போவதில்லை என்றால், செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவையுங்க. சென்னை மே மாத வெயிலில், நிறுத்தின காருக்குள் பேட்டரியை விட்டுவைப்பது ஆபத்து. உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தாதீங்க, குப்பைத்தொட்டியிலும் போடாதீங்க, இ-வேஸ்ட் சேகரிப்பவர்களிடம் கொடுங்க. விமானத்தில் எடுத்துவந்தால், தனி பேட்டரிகள் கைப்பையில்தான் வரணும்.

எங்கே ஓட்டுறது?

எல்லோரும் முதலில் நினைப்பது பெசன்ட் நகர் பீச். அங்கேதான் சிக்கல். உப்பு, பேரிங்கையும் ஸ்க்ரூவையும் துருப்பிடிக்க வைக்கும். நம்ம கடற்கரை மணலில் கலந்திருக்கும் கருப்புத் துகள்களில் இரும்புத்தாது உண்டு. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். 'வாட்டர் ப்ரூஃப்' என்ற வார்த்தையை நம்பி அலையில் இறக்காதீங்க. அந்த வாக்குறுதி பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸுக்கு மட்டும்தான், பேரிங்குக்கு இல்லை.

மொட்டை மாடிதான் பெஸ்ட் டிராக். உடைந்த கருங்கல், செங்கல், மண் மூட்டை, காய்ந்த தென்னை மட்டை போதும். பாலிஷ் போட்ட கிரானைட் வழுக்கும், சொரசொரப்பான கல்தான் டயருக்குப் பிடிமானம். அசோசியேஷனிடம் கேட்டுவிட்டு, மாலை வெயில் இறங்கியதும் ஓட்டுங்க. மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி.நகர் பனகல் பூங்கா மாதிரி இடங்களில் அனுமதி கேட்காமல் இறக்க வேண்டாம். வாக்கிங் வருபவர்களில் வயதானவர்கள் அதிகம், காலில் இடறிடும். மாமல்லபுரம் பாறைகள் ஆசையைத் தூண்டும். ஆனா, அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். அங்கே கிராலரை எடுக்கவே எடுக்காதீங்க.

ஓட்டி முடிச்சாச்சா?

முதலில் வண்டியின் பேட்டரியைக் கழற்றுங்க, பிறகு ரிமோட்டை ஆஃப் செய்யுங்க. பழைய டூத் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, சக்கர நட்டுகளும் ஆக்ஸில் ஸ்க்ரூக்களும் இறுக்கமா இருக்கானு தொட்டுப் பாருங்க. முதல் ஓட்டத்துக்குப் பிறகு இரண்டு மூன்றாவது தளர்ந்திருக்கும். பத்து நிமிஷ வேலைதான். இதைச் செய்தால் அடுத்த ஞாயிறும் வண்டி கல் ஏறும்!