ஈரத்தை வெளியே நிறுத்திய வரலாறு

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், மழைக்காலம் தொடங்கியதும் மூடுபனி காப்பித் தோட்டங்களோடு நில்லாமல் வீட்டு அலமாரிகளுக்குள்ளும் நுழைந்துவிடுவதால், பெட்டியில் அடைபட்டுக் கிடக்கும் கேமராவின் வில்லையில் பூஞ்சை படரும் வாய்ப்பு அங்கு மிகுதி. பவளப்பாறை எதுவுமில்லாத சேர்வராயன் மலைக்கும், கடலுக்குள் கேமராவைக் கொண்டுசெல்ல உதவும் நீர்புகா உறைக்கும் உறவேது என்று கேட்கத் தோன்றும். ஆயினும், வெளியிலிருந்து வரும் நீரை மட்டுமன்றி உள்ளேயே தங்கிவிட்ட ஈரத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருப்பது இரு இடங்களிலும் ஒன்றே.

இந்த மலைகளை உள்ளடக்கிய சேலம் மாவட்டத்தில் ஒளிப்படக்கலை தொடங்கிய காலத்திலேயே ஈரம் ஒரு சிக்கலாக இருந்தது. அன்று பரவலாக இருந்த ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் வேதிக் கலவையைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளக்கூடிய மெழுகூட்டிய காகிதத்தையே தம் பயணங்களுக்குப் பெரிதும் நம்பினார். இராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் அவருடைய தொகுப்பு 1858இல் வெளிவந்தது. ட்ரைப் பதவியேற்ற அதே 1856இல், இங்கிலாந்தின் வேமவுத் கடற்கரையில் வில்லியம் தாம்சன் என்ற வழக்கறிஞர், மரப்பெட்டிக்குள் கேமராவை வைத்துச் சுமார் 18 அடி ஆழத்துக்குக் கயிற்றில் இறக்கினார். பெட்டிக்குள் கடல்நீர் கசிந்துவிட்ட போதிலும் தகட்டில் ஒரு மங்கலான உருவம் எஞ்சியது. நீருக்கடியில் எடுக்கப்பட்ட முதல் படமாகக் கருதப்படுவது, இவ்வாறு, உறை தோற்றுப்போன பிறகும் தப்பிய படம்தான்.

கசிவின் காரணம் அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால், மூடியின் இடுக்கு எவ்வளவு சிறிதாயினும் நீர் அதனை நாடித் தள்ளுகிறது. 1893இல் பிரான்சின் பன்யூல்ஸ் கடலில் படமெடுத்த லூயி பூத்தான், தம் சகோதரர் ஓகுஸ்த் வடிவமைத்த உலோக உறையோடு காற்றடைத்த ரப்பர்ப் பை ஒன்றை இணைத்தார்; ஆழம் கூடக் கூட நீர் அப்பையை நசுக்க, அதிலிருந்த காற்று உறைக்குள் சென்று உள்ளழுத்தத்தை வெளியழுத்தத்துக்கு ஈடாக்கியது. ஆனால் பின்வந்த உறைகள் இவ்வழியைப் பெரிதும் விட்டு, வேறொரு துறையிலிருந்து வந்த ஓ-ரிங்கை ஏற்றுக்கொண்டன. நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற டேனிஷ் அமெரிக்கர் 1937இல் காப்புரிமை கோரிய இந்த வட்ட ரப்பர் வளையம், ஒரு பள்ளத்தில் அமர்ந்து, அழுத்தம் ஏற ஏற இடுக்கை நோக்கி நெருக்கப்பட்டு அடைப்பை இறுக்குகிறது. இதிலிருந்து விளையும் ஒரு முரண், விடுமுறைக்குக் கடற்கரை செல்வோர் பலரும் எண்ணிப் பாராதது: மூச்சுக்குழாயை வாயில் கவ்வி நீர்ப்பரப்பில் மிதந்தபடி கடலடியைக் காணும் ஸ்நார்கெலிங்கில் அழுத்தத்தின் துணை குறைவாதலால், வளையத்தின்மேல் கிடக்கும் ஒரு தலைமுடியோ மணல்துகளோகூட அந்த மேல்நீரிலேயே கசிவுக்கு வழிவிடும்.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான கடலில் இக்கருவிகளின் ஆற்றலைக் காட்டியவர்கள், 1956இல் இலங்கைக்கு வந்த ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் ஆவர். திருகோணமலையில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசுவரக் கோயிலின் கற்தூண்களைக் கடலடியில் கண்டு பதிவு செய்ததும், 1961இல் தென்கரையின் கிரேட் பாசஸ் பாறைத்திட்டருகே ஔரங்கசீப் காலத்து, சூரத்தில் அச்சிட்ட வெள்ளி நாணயங்களோடு கிடந்த கப்பற்சிதைவைக் கண்டதும் அக்காலத்தவை. 1962இல் வில்சன் இயக்கிய ரன்முத்து துவ, வண்ணத்தில் வந்த முதல் சிங்களப் படமாகவும் நீருக்கடிக் காட்சிகளுக்காகவும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு நிக்கான் வெளியிட்ட நிக்கோனோஸ், கேமராவின் உடலையே ஓ-ரிங்குகளால் அடைத்துத் தனி உறையின் தேவையை நீக்கியது. எனினும் டிஜிட்டல் காலத்தில், ஆண்டுதோறும் மாறும் கேமராக்களுக்கு ஏற்ப உறைகளே மீண்டும் ஆட்சிக்கு வந்தன. வளையத்தைப் பேணும் வேலை மட்டும் மாறவில்லை. வளையத்தைக் கூர்மையற்ற பொருளால் எடுத்துத் துடைத்து, உற்பத்தியாளர் சொல்லும் கிரீசை மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டுமே தடவ வேண்டும். கிரீஸ் அடைப்பதற்கன்று, வளையம் முறுக்காமல் நழுவி அமர்வதற்கே என்பதால், மிகையாகப் பூசினால் அது மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடலிலிருந்து வந்ததும் உப்பு படிகமாக உறைவதற்குள் உறையை நன்னீரில் ஊறவிட்டு, ஒவ்வொரு பொத்தானையும் பலமுறை அழுத்துவதும் இதைச் சேர்ந்ததே.

அடைப்பு குறையற்றதாயினும் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் எஞ்சுகிறது. வெக்கையும் ஈரமும் மிகுந்த கடற்கரைக் காற்றில் மூடப்பட்ட உறை குளிர்ந்த நீரில் இறங்கியதும், அந்த ஈரம் முன்கண்ணாடியில் படிந்து படத்தை மறைத்துவிடும். குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் மூடுவதும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே வைப்பதும் இதன் பொருட்டே. ஏற்காட்டு அலமாரியில் பூஞ்சையைத் தடுப்பதும் அதே பொட்டலம்தான்.

மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஏற்காட்டின் காற்றழுத்தம் கடற்கரையினதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்பதால், அங்கு மூடிய உறையை 20 கொண்டை ஊசி வளைவுகளின் வழியே இறக்கிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தால், 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மூடியைச் சுமார் 17 கிலோகிராம் விசை அழுத்திப் பிடித்திருக்கும். கடற்கரையில் மூடி மேலே ஏற்றினாலோ அதே விசை மூடியை வெளியே தள்ளும். ஆகவே பயணத்தில் வளையத்தைக் கழற்றித் தனியே வைப்பது நல்லது. வழியில் இடையூறாகும் இதே விசையை இன்றைய உறைகள் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன: நீரில் இறங்குமுன் சிறு கைப்பம்பால் உள்காற்றில் ஒரு பகுதியை வெளியேற்றிச் சிறிது நேரம் விட்டுவைத்து, அழுத்தம் நிலையாக நிற்கிறதா என்று உணரியின் விளக்கில் பார்த்துக்கொள்கிறார்கள்.