பல் வைத்தியமும் இருதய நோயும்: ஒரு வரலாற்றுப் பார்வை

'பல் போனால் சொல் போச்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. பல்லைச் சொல்லோடு சேர்த்து எண்ணும் நாம், அதனை இருதயத்தோடு சேர்த்து எண்ணுவதில்லை. பல் வலித்தால் ஒரு வைத்தியர், நெஞ்சு வலித்தால் வேறொரு வைத்தியர் என்று இரண்டையும் தனித்தனி வாசல்களாகவே கருதி வருகிறோம். ஆயினும், பல்லைக் காட்ட வந்தவரிடம் இருதய நோயின் அடையாளம் தென்படுவது உண்டு. இவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது, எங்கே வழி தவறியது, இன்று எங்கே நிலைபெற்றுள்ளது என்பதை ஆராய்வோம். சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் உழைக்கும் மக்களை மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம்.

பல்லைப் பற்றிய அறிவும் இருதயத்தைப் பற்றிய அறிவும் நெடுங்காலம் இரு வேறு ஆறுகளாகவே ஓடின. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் முப்பது பகுதிகள் கொண்ட பெருநூலை கி.பி. 1000ஐ ஒட்டி எழுதி முடித்தார். பல்லில் படியும் காரையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளை அந்நூலில் அவர் படம் வரைந்தே விளக்கினார். ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் இப்னு நஃபீஸ் என்னும் மருத்துவ மேதை, இருதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடப்புறத்தை அடைகிறது என்று 1242இல் எழுதினார். முன்னவர் வாயைக் கண்டார். பின்னவர் இருதயத்தைக் கண்டார். இரண்டையும் இணைக்கும் பாலம் எழுவதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

அப்பாலம் முதலில் கோணலாகவே கட்டப்பட்டது. 1900இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், உடலின் பற்பல நோய்களுக்கு வாயிலுள்ள சீழே காரணம் என்று எழுதினார். 1910இல் கனடாவின் மான்ட்ரீல் நகரில் அவர் இதனை மேலும் வன்மையாக எடுத்துரைத்தார். அமெரிக்க மருத்துவர்கள் பலர் அக்கருத்தைப் பற்றிக்கொண்டனர். மூட்டுவாதம் என்றாலும் பல்லைப் பிடுங்கு, இருதயக் கோளாறு என்றாலும் பல்லைப் பிடுங்கு என்ற நிலை உருவாயிற்று. நல்ல பற்களையும் பறிகொடுத்து நோயும் தீராமல் வீடு திரும்பியவர் எத்தனையோ பேர். ஒரு காலத்தில் இக்கொள்கையை ஆதரித்த ரசல் செசில் என்னும் மருத்துவரே, 200 மூட்டுவாத நோயாளிகளை ஆராய்ந்து, பல்லைப் பிடுங்கியதால் பயன் விளையவில்லை என்று 1938இல் அறிவித்தார். அக்கொள்கை அதன்பின் படிப்படியாகச் சரிந்தது.

எனினும் அம்மிகையினுள் ஓர் உண்மை புதைந்து கிடந்தது. இருதயத்தின் உள்ளுறையையும் வால்வுகளையும் கிருமிகள் பற்றி அரிக்கும் கொடிய அழற்சி நோய் ஒன்று உண்டு. 1909இல் தாமஸ் ஹார்டர் என்னும் ஆங்கில மருத்துவர் இந்நோய் கண்ட 150 பேரை ஆராய்ந்து, கிருமிகள் பலரிடம் வாயிலிருந்தே புறப்பட்டன என்று கூறினார். 1935இல் ஓக்கல், எலியட் என்னும் இருவர், பல் பிடுங்கிய உடனே நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் கிருமிகளைக் கண்டனர். நல்ல வால்வு இக்கிருமிகளைப் பெரும்பாலும் தங்க விடுவதில்லை. பழுதுற்ற வால்வோ அவற்றுக்குக் கூடாகிவிடுகிறது.

இதன் பயனாக, இருதய வால்வில் கோளாறு உள்ளவர்க்குப் பல் சிகிச்சைக்கு முன்பாகக் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்குமாறு அமெரிக்க இருதயச் சங்கம் 1955இல் அறிவுறுத்தியது. 2007இல் அவ்வறிவுரை சுருக்கப்பட்டது. செயற்கை வால்வு பொருத்தியவர், இந்நோய் முன்பே கண்டவர், பிறவிக் குறையுள்ள சிலர் போன்ற மிகுந்த அபாயத்தில் உள்ளோருக்கு மட்டும் மருந்து போதும் என்றாயிற்று. பல் துலக்கும்போதும் மெல்லும்போதுங்கூட அன்றாடம் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. ஆகவே ஒரு நாள் விழுங்கும் மாத்திரையைவிட, நாள்தோறும் வாயைத் தூய்மையாக வைத்திருப்பதே பெரிய காப்பு என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

இனி, பல் வைத்தியர் காணக்கூடிய பிற அடையாளங்களைப் பார்ப்போம். அவற்றுள் தலையாயது தாடை வலி. இருதயத்திலிருந்து வரும் வலியுணர்வும் தாடையிலிருந்து வரும் வலியுணர்வும் நரம்பு வழியே சென்று மூளைத் தண்டில் அடுத்தடுத்த இடங்களைச் சேர்கின்றன. ஆகவே இருதயம் வருந்தும்போது தாடை வலிப்பதாக மனிதன் உணர்வது உண்டு. உருகுவே நாட்டு ஆய்வாளர் கிரைனரும் அவருடைய குழுவினரும், இருதயத் தசைக்கு இரத்தம் குறைந்த 186 நோயாளிகளை ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 38 பேர் தொண்டை, தாடை, முகம் ஆகிய இடங்களில் வலியை உணர்ந்தனர். நூற்றுக்கு 6 பேருக்கு நெஞ்சு வலியே இல்லை. இவ்வலி ஒன்றே நோயின் குரலாக இருந்தது.

சொத்தைப் பல்லின் வலி, குளிர்ந்த நீர் பட்டால் கூசும், கடித்தால் கூடும். இருதயத்தின் வலியோ படியேறினால் வரும், உட்கார்ந்தால் தணியும். தாடையில் மரத்துப்போக ஊசி போட்டும் நீங்காத வலி, பல்லில் பழுதே தெரியாத வலி ஆகியவற்றைக் கண்டால் விழிப்புடைய வைத்தியர் குறட்டைக் கீழே வைத்துவிடுவார்.

வேறு குறிகளும் உள. இரத்த அழுத்தத்திற்கு உட்கொள்ளும் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளரும். இருதயக் குறையோடு பிறந்த சில குழந்தைகளின் உதடும் நாக்கும் நீலம் பூத்திருக்கும். தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே படத்தில், கழுத்துத் தமனியில் படிந்த சுண்ணாம்பும் தென்படலாம் என்பதை ஃப்ரீட்லாண்டர், லாண்டே என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் 1981இல் எடுத்துக்காட்டினர்.

ஈறு நோயே மாரடைப்பை உண்டாக்குமா என்பது வேறு கேள்வி. 1989இல் ஃபின்லாந்தின் மத்திலா குழுவினர், மாரடைப்புக் கண்ட 100 பேரையும் காணாத 102 பேரையும் ஒப்பிட்டு, முன்னவரின் பல் நலம் குன்றியிருந்ததைக் கண்டனர். ஆயினும் புகையும் நீரிழிவும் இரண்டு நோய்களுக்குமே வித்தாவன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு, ஒன்று மற்றொன்றை விளைவிக்கிறது என்பதற்கு நிரூபணம் இல்லை என்று 2012இல் அமெரிக்க இருதயச் சங்கம் அறிவித்தது. ஹண்டர் காலத்து மிகைக்கு மீண்டும் இடமளிக்கலாகாது என்பதே இதன் பாடம்.

நம் நாட்டில் முறையான பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பட்டம் பெற்ற அவர், 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948இல் பல் மருத்துவர் சட்டம் பிறந்தது. 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவக் கல்வி நம் மாநிலத்தில் தொடங்கியது. 1988இல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரி எழுந்தது. மதுரவாயல், முகப்பேர், போரூர்ப் பகுதிகளிலும் இத்தகைய கல்லூரிகள் உள்ளன.

இதே மேற்குப் புறம் இருதய சிகிச்சைக்கும் பேர்பெற்றது. 1975இல் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் இருதயத் தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை இந்தியாவில் முதன்முதலாகச் செய்த டாக்டர் கே. எம். செரியன், பின்னர் முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இருதய மருத்துவமனையை வளர்த்தார். பல்லைக் காக்கும் கலையும் இருதயத்தைக் காக்கும் கலையும் இங்கே ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் அமைந்திருக்கின்றன.

ஆனால் இருதய மருத்துவமனையின் படியைத் தொழிலாளி எப்போது மிதிக்கிறான்? விழுந்த பிறகு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கும், 1961இல் தொடங்கிய ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவருக்கும், நெஞ்சைச் சோதித்துக்கொள்ள நேரமும் மனமும் வாய்ப்பதில்லை. பல் வலியோ அவரை உறங்க விடாது. எப்படியும் வைத்தியரிடம் இழுத்து வந்துவிடும். பல ஆண்டுகளில் அவர் சந்திக்கும் ஒரே வைத்தியர் அந்தப் பல் வைத்தியராகவே இருக்கக்கூடும். சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதுற்று, அதனை அறியாமலே வாழ்வோரும் நெருக்கடியான குடியிருப்புகளில்தான் மிகுதி.

ஆகவே பல் வைத்தியரிடம் நாம் வேண்டுவது பெரிய வித்தையன்று. பிடுங்கும் முன் இரத்த அழுத்தத்தைப் பார்க்கட்டும். அச்சத்தினாலும் அழுத்தம் ஏறுமாதலால், ஏறியிருந்தால் மறுமுறை சோதிக்க அனுப்பட்டும். "நடந்தால் வலிக்கிறதா? மூச்சு வாங்குகிறதா? என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கட்டும். ஐயம் எழுந்தால் ஒரு சீட்டு எழுதி இருதய வைத்தியரிடம் அனுப்பட்டும். நோயாளியும், 'பல்லுக்குத்தானே வந்தோம்' என்று எண்ணி வால்வுக் கோளாற்றையும் இரத்தம் உறையாமல் இருக்க உண்ணும் மாத்திரையையும் மறைக்கலாகாது. தாடை வலியோடு வியர்வையும் நெஞ்சிறுக்கமும் சேர்ந்து வந்தால் பல் வைத்தியரைத் தேடாமல் 108 வண்டியை அழைத்துவிட வேண்டும்.

பல்லைப் பிடுங்கினால் இருதயம் குணமாகும் என்று ஒரு தலைமுறை நம்பி ஏமாந்தது. பல்லுக்கும் இருதயத்திற்கும் சம்பந்தமே இல்லை என்று நம்பி நாமும் ஏமாற வேண்டுவதில்லை. இருதயத்தைக் குணமாக்குவது பல் வைத்தியரின் பணியன்று. ஆனால் அது இடும் ஓசையற்ற முறையீட்டை முதலில் கேட்டு, உரிய இடத்திற்கு அனுப்பி வைப்பது அவரால் ஆகக்கூடியது. ஒரு குடும்பத்தின் விளக்கு அணையாமல் இருக்கப் பல வேளைகளில் அதுவே போதும்.