லா பொதெரோசா: பாதி வழியில் படுத்த நார்ட்டன்

சே குவேராவின் இளமைப் பயணம் பற்றிப் பேச்சு வந்தாலே முதலில் ஞாபகம் வருவது மோட்டார் சைக்கிள்தான். புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே அது இருக்கு. 2004ல் வால்டர் சாலஸ் எடுத்த படத்தின் பெயரும் அதுவே. ஆனா தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் கணக்கு வேற மாதிரி வருது. 1952 ஜனவரி 4 அன்று வண்டி புவனோஸ் அயர்ஸிலிருந்து கிளம்புகிறது. பிப்ரவரி கடைசியில் தெற்குச் சிலியில் அதன் கதை முடிகிறது. மார்ச் 1 வாக்கில் அது சாண்டியாகோ போய்ச் சேர்ந்தது லாரியின் முதுகில். அங்கேயே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு பெரு, அமேசான், கொலம்பியா, வெனிசுவேலா என்று ஜூலை வரை போனது பெரும்பாலும் லாரி, கப்பல், தெப்பம், இல்லாவிட்டால் நடை.

இத்தனைக்கும் சே தன் குறிப்புகளுக்கு வைத்த பெயரில் மோட்டார் சைக்கிளே கிடையாது. ஸ்பானிஷ் மொழியில் அது வெறும் ‘பயணக் குறிப்புகள்’. மோட்டார் சைக்கிள் தலைப்பில் ஏறியது அவர் இறந்து பல வருஷம் கழித்து.

வண்டி அவருடையதும் இல்லை. ஆல்பர்டோ கிரனாடோ என்ற நண்பருடையது. கிரனாடோவுக்கு அப்போ 29 வயசு, உயிர்வேதியியல் படித்தவர், தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். எர்னஸ்டோவுக்கு 23, மருத்துவப் படிப்பு இன்னும் முடியவில்லை. வண்டி 1939ஆம் வருஷத்து நார்ட்டன், 500 சிசி, ஒற்றை சிலிண்டர். பெயர் ‘லா பொதெரோசா இரண்டு’. பலசாலிப் பெண் என்று வைத்துக்கொள்ளலாம். பொதெரோசா ஒன்று எது என்றால், கிரனாடோ மாணவராக இருந்தபோது ஓட்டிய சைக்கிள்!

இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1950ல், எர்னஸ்டோ தனியாக ஒரு சைக்கிளில் ‘மிக்ரோன்’ என்ற குட்டி எஞ்சினைப் பொருத்திக்கொண்டு வட அர்ஜென்டினாவைச் சுற்றி வந்தார். சுமார் 4,500 கிலோமீட்டர். அந்த எஞ்சின் எவ்வளவு நன்றாக உழைத்தது என்று அவர் எழுதிய கடிதமும் படமும் ‘எல் கிராஃபிகோ’ பத்திரிகையில் விளம்பரமாகவே வந்தன. பொம்மை மாதிரி இருந்த எஞ்சின் போன காரியத்தை முடித்துவிட்டு வந்தது. பலசாலிதான் பாதியில் படுத்துவிட்டாள்.

அப்படியென்றால் நார்ட்டன் மோசமான எஞ்சினா? அப்படிச் சொல்ல மாட்டேன். நம்ம ஊர் பழைய புல்லட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஜாதி வண்டி புரியும். நீளமான ஸ்ட்ரோக், நிதானமான துடிப்பு, பிரித்துச் சேர்க்கச் சுலபம். டயரியில் வரும் கோளாறுகளைத் தனியாகக் குறித்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் கண்ணில் படும். எஞ்சின் மேல் வரும் புகார் குறைவு. உடைவதெல்லாம் அதைச் சுற்றி இருப்பவை: சட்டம், ஸ்டியரிங், பிரேக், டயர், கியர்பாக்ஸ் மூடி.

காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. 1939ல் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்பக்க சஸ்பென்ஷன் கிடையாது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நேராகச் சட்டத்தில் இறங்கும். முன்னால் இருந்தது பழைய கர்டர் ஃபோர்க். இங்கிலாந்தின் தார் ரோட்டுக்கு அது போதும். இவர்கள் போனதோ ஜல்லியும் மணலும் கலந்த மண் சாலைகளில். மேலே இரண்டு ஆட்கள், கூடாரம், படுக்கை, இறைச்சி சுடும் கம்பித்தட்டு, ஒரு கைத்துப்பாக்கி. மிராமார் என்ற கடற்கரை ஊர் வரைக்கும் காதலிக்குப் பரிசாக ஒரு நாய்க்குட்டி வேறு. மூட்டை முடிச்செல்லாம் பின் சக்கரத்துக்கு மேலேயும் பின்னாலேயும் இருந்தால் முன் சக்கரத்தில் எடை குறையும். மணலில் ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரே நாளில் ஒன்பது தடவை விழுந்ததாக டயரி கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு விழுதலும் சட்டத்தில் ஒரு விரிசலுக்கு விதை.

சரிசெய்தது எப்படி? கட்டுக்கம்பியால். உடைந்த இடத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டு, அடுத்த ஊர் வரை ஓட்டு, பட்டறை இருந்தால் வெல்டிங் வை, கிளம்பு. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வாசனை பழக்கம்தான். ராத்திரி ரெண்டு மணிக்குப் போடும் ஒட்டு காலையில் வேலை செய்யும், அதனாலேயே அதை யாரும் நிரந்தரமாகச் சரிசெய்ய மாட்டார்கள். கம்பி கட்டிய இடம் தாங்கும், அதிர்வு பக்கத்து போல்ட்டுக்குப் போகும். இறக்கத்தில் போகும்போது பிரேக் பிடிக்காமல், எதிரே மாட்டுக்கூட்டம் வந்த சம்பவம் ஒன்று சிலிப் பகுதியில் வருது. மாடுகளைக் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு போய், ஓரத்துக் கரையில் ஏறி வண்டி நின்றது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்தில் சிரிப்பாகச் சொல்கிறார். ஆனா பிரேக் இல்லாத பழைய வண்டியில் இறக்கம் இறங்கியவர்களுக்குச் சிரிப்பு வராது.

உண்மையான அடி விழுந்தது லௌதாரோ ஊர்ப் பக்கம், பிப்ரவரி மூன்றாம் வாரத்தில். வண்டி ஒருபக்கமாக இழுத்துத் தள்ளியது. ஸ்டியரிங் பகுதி உடைந்தது, கியர்பாக்ஸைக் காக்கும் அலுமினிய மூடியும் நொறுங்கியது. இரும்புச் சட்டம் என்றால் எந்த ஊர்ப் பட்டறையிலும் ஒட்டவைத்துவிடலாம். அலுமினியம் அப்படியில்லை. அதன் மேலே எப்போதும் ஆக்சைடு படலம் இருக்கும், அதை விலக்காமல் ஒட்டாது. இரும்பு மாதிரி சிவந்து எச்சரிக்கை தராமல் 660 டிகிரியில் பொசுக்கென்று உருகிவிடும். 1952ல் ஒரு சின்ன ஊர் பட்டறையில் வார்ப்பு அலுமினியத்தைச் சேர்ப்பதற்கு நல்ல கை வேணும். எப்படியோ சேர்த்தார்கள். சில நாள்தான் தாங்கியது. அங்கிருந்து வடக்கே, மேட்டில் ஏறும்போது வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. லாரி பிடித்து லாஸ் ஆங்ஹெலெஸ் வந்தார்கள் (அமெரிக்க ஊர் இல்லை, சிலியில் அதே பெயரில் ஒன்று).

இதுவரை வந்ததற்கே உதவியவர்களின் பட்டியல் பெருசு. பட்டறைக்காரர்கள், பண்ணைக்காரர்கள், லாரி டிரைவர்கள். கூடவே ஒரு பத்திரிகைச் செய்தியும். தெமுகோவில் ‘எல் டியாரியோ ஆஸ்ட்ரல்’ பிப்ரவரி 19 அன்று இவர்களைத் தென்னமெரிக்காவைச் சுற்றிவரும் தொழுநோய் நிபுணர்கள் என்று எழுதிவிட்டது. ஒருவர் இன்னும் டாக்டரே ஆகவில்லை! ஆனா அந்தச் செய்திக்குப் பிறகு ஊர்க்காரர்கள் நடத்திய விதமே மாறிப்போச்சு. லாஸ் ஆங்ஹெலெஸில் இவர்களைத் தங்கவைத்தது தீயணைப்பு நிலையம். சிலியில் தீயணைப்பு வீரர்கள் எல்லாருமே தன்னார்வலர்கள். ராத்திரி மணி அடித்தபோது இவர்களும் வண்டியில் தொற்றிக்கொண்டு போனார்கள். கிரனாடோ நெருப்பிலிருந்து ஒரு பூனையைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார்.

வண்டி போனதும் வேறு ஒன்றும் போனது. மோட்டார் சைக்கிளில் வரும் வெள்ளைத்தோல் அர்ஜென்டினாக்காரன், எவ்வளவு அழுக்காக இருந்தாலும், விசித்திரமான விருந்தாளி. ரோட்டில் கையைக் காட்டி நிற்பவன் வெறும் நாடோடி. தாங்கள் பிரபு வம்சத்திலிருந்து இறங்கிவிட்டதை எர்னஸ்டோவே கிண்டலாகக் குறிக்கிறார். இனிமேல் யார் ஏற்றிக்கொள்கிறார்களோ அவர்களோடுதான் பயணம். லாரியின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள்தான் பேச்சுத்துணை.

வண்டி நின்றதால்தான் புரட்சிக்காரர் பிறந்தார் என்று எழுதினால் அது மிகை. அந்த ஆள் எப்படியும் வாயைக் கொடுத்து நாலு பேரைப் பழக்கம் பிடிப்பவர். பாலைவனத்தில் நார்ட்டனும் ராத்திரி எங்கேயாவது நின்றுதான் ஆகணும். ஆனா யார் பக்கத்தில் நிற்பது என்பதை வண்டி இருந்தால் நாம் தேர்ந்தெடுப்போம், இல்லையென்றால் லாரிக்காரர் தேர்ந்தெடுப்பார். எனக்கு இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியவில்லை.

மார்ச் நடுவில், சுகிகமாட்டா செம்புச் சுரங்கத்துக்குப் போகும் வழியில், வேலை தேடி நடந்துகொண்டிருந்த ஒரு தொழிலாளியையும் அவர் மனைவியையும் சந்திக்கிறார்கள். கணவர் கம்யூனிஸ்ட், சிறையிலிருந்து வந்தவர். பாலைவனத்து ராத்திரி, கடும் குளிர். அந்த இருவரிடம் போர்த்திக்கொள்ள ஒரு கம்பளிகூட இல்லை. தங்களிடம் இருந்ததில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்த ஒன்றை எர்னஸ்டோவும் கிரனாடோவும் பகிர்ந்துகொண்டு படுத்தார்கள். நார்ட்டன் அதற்குள் இரண்டு வாரமாகச் சாண்டியாகோவில் கிடந்தது.