மோ செத்தது, லெஸ் மாட்டிக்கொண்டது

தண்ணியும் கம்மி, தம்ளரும் கம்மி. தமிழில் இப்படிச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஆங்கிலத்தில் முடியாது. எண்ண முடியாத தண்ணீருக்கு 'லெஸ்' போடணும், எண்ணக்கூடிய தம்ளருக்கு 'ஃபியூவர்' போடணும். மாத்திப் போட்டால் எதிரில் இருப்பவர் உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வரும். ஆங்கிலத்தைப் பாடப்புத்தகத்தில் படித்து வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு நல்லாவே தெரியும். அந்தச் சிரிப்பின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

இந்த விதி ஆங்கிலம் பிறந்தபோதே கூடப் பிறந்தது என்றுதான் நினைப்போம். இல்லை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், போயத்தியஸ் எழுதிய லத்தீன் தத்துவ நூல் ஒன்று ஆல்ஃபிரட் மன்னரின் பெயரால் பழைய ஆங்கிலத்துக்கு வந்தது. அதிலேயே எண்ணக்கூடிய சொற்களுக்கு 'லெஸ்'ஸின் அன்றைய வடிவம்தான் வருகிறது. காரணம் எளிமையானது. அன்றைய ஆங்கிலத்தில் நம்முடையதைப் போல வேற்றுமை உருபுகள் இருந்தன. 'சொற்களின் குறைவு' என்ற மாதிரியான அமைப்பில்தான் பேசினார்கள், எழுதினார்கள். காலப்போக்கில் அந்த 'இன்' தேய்ந்து உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது 'குறைவு சொற்கள்', அதாவது 'லெஸ் வேர்ட்ஸ்'. யாரோ செய்த தப்பு இல்லை இது, மொழி தேய்ந்த தடம். அதன்பின் பல நூற்றாண்டுகள் ஆங்கிலேயர்கள் அப்படியே பேசினார்கள், எழுதினார்கள். யாரும் சிரிக்கவில்லை.

1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கிலப் பயன்பாடு பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார், அதுவும் பெயர் போடாமல். எண்ணிக்கை என்றால் 'ஃபியூவர்' என்ற பரிந்துரை நமக்குத் தெரிந்து முதன்முதலாகத் தென்படுவது அதில்தான். ஆனால் பேக்கர் அதை விதியாகச் சொல்லவே இல்லை. எண்ணிக்கைக்கும் 'லெஸ்' போடுவதுதான் பரவலான வழக்கம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். 'ஃபியூவர்' போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தனக்குத் தோன்றுவதாக மட்டும் சொல்கிறார்.

பேக்கர் யார் என்பது இதைவிட சுவாரசியம். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். கிரேக்கம் தெரியாது, லத்தீன் கொஞ்சம்தான். ஜான்சனின் பெரிய அகராதியைக் கண்ணால் பார்த்ததில்லை. சொந்தமாகப் புத்தகங்களும் கிடையாது. இதெல்லாம் எதிரிகள் கிளப்பிவிட்டதல்ல, முன்னுரையில் அவரே சொல்லிக்கொண்டது. அடுத்த நூற்றாண்டுகளில் இலக்கண நூல்கள் அவருடைய ரசனையை எடுத்துக்கொண்டன. 'எனக்குத் தோன்றுகிறது' என்பதை மட்டும் வெட்டிவிட்டன. விருப்பம் விதியானது, விதி பரீட்சைக் கேள்வியானது.

"சரி, எண்ணுவதையும் அளப்பதையும் பிரித்துச் சொல்வது நல்லதுதானே, தெளிவு கிடைக்குமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் 'லெஸ்'ஸின் எதிர்ச்சொல்லிலேயே இருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் 'அதிகம்' என்பதற்கும் இரண்டு சொற்கள் இருந்தன. எண்ணிக்கைக்கு 'மோ', அளவுக்கு 'மோர்'. ஷேக்ஸ்பியரின் பழைய பதிப்புகளில்கூட 'மோ' அங்கங்கே தலைகாட்டும். பிறகு பொதுவழக்கிலிருந்து அது போய்விட்டது, 'மோர்' இரண்டு வேலையையும் பார்க்க ஆரம்பித்தது. இன்றைக்கு 'மோர் வாட்டர்', 'மோர் கிளாசஸ்' இரண்டையும் கேட்டு யாருக்காவது குழப்பம் வருகிறதா? 'மோ' செத்ததற்கு யாரும் துக்கம் கொண்டாடவில்லை. கூட்டலில் தேவைப்படாத வேறுபாடு, கழித்தலில் மட்டும் ஏன் தேவைப்படுகிறது?

விதியைப் பிடித்துத் தொங்குபவர்களாலும் முழுசாகத் தொங்க முடிவதில்லை. பத்து மைல், ஐந்து வருடம், நூறு ரூபாய் எல்லாமே எண்ணக்கூடியவைதான். ஆனாலும் அங்கே 'லெஸ் தேன்' என்றே எழுதுகிறார்கள். கேட்டால் அது விதிவிலக்காம். இந்தச் சண்டை சூப்பர்மார்க்கெட் வரைக்கும் போனது. 2008இல் பிரிட்டனின் டெஸ்கோ நிறுவனம் விரைவு கவுன்டர்களில் தொங்கிய 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' பலகைகளை மாற்ற முடிவெடுத்தது. 'ஃபியூவர்' என்று திருத்தினார்களா? இல்லை. 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

எங்கள் தொழிலில் இந்த வம்பே இல்லை. வாய் திறந்த முக்கோணம் போன்ற அந்தக் குறி 1631இல் அச்சான தாமஸ் ஹாரியட்டின் கணித நூலில் வந்தது. இன்று உலகம் முழுக்க நிரலாளர்கள் அதை 'லெஸ் தேன்' என்றே வாசிக்கிறோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு லூப் பத்துவரை எண்ணும்போதும் 'லெஸ் தேன் டென்'தான். 'ஃபியூவர் தேன்' என்று வாசிக்கும் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

அதற்காக விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. முறையான கடிதத்தில், தேர்வில், வாசிப்பவர் 'ஃபியூவர்' எதிர்பார்த்தால் நானும் அதையே எழுதுவேன். கல்யாணத்துக்கு வேட்டி கட்டிப்போவது மாதிரி, இடத்துக்கேற்ற மரியாதை அது. ஆனால் வேட்டி கட்டாதவருக்கு உடம்பே இல்லை என்று யாரும் சொல்வதில்லை. 'லெஸ்' போட்டவருக்கு அறிவே குறைவு என்று மட்டும் சட்டென்று முடிவுகட்டிவிடுகிறோம்.

அடுத்த முறை ஒருவர் அப்படிச் சிரித்தால் பேக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகமே சொந்தமாக இல்லாத அந்த மனிதர் தனக்குத் தோன்றியதைத்தான் சொன்னார். தோன்றுகிறது என்றும் சேர்த்தே சொன்னார்.