மெர்சென் அடிகளாரின் எண்

தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 2, 3, 5, 7 ஆகியன அத்தகையவை. சிறிய எண்ணில் இதனை அறிதல் எளிது. இருபத்தோர் இலக்க எண்ணில் ஓர் ஆயுட்காலமும் போதாமற் போகலாம். அத்தகைய ஓர் எண்ணின் வரலாற்றை நாம் இங்குச் சிந்திப்போம்.

பிரான்சு நாட்டில் 1588-இல் பிறந்த மாரின் மெர்சென், மினிம் துறவற சபையின் குரு. 'மினிம்' என்பதற்கு 'மிகச் சிறியோர்' என்று பொருள். பாரிஸ் மடத்திலிருந்து தெக்கார்த், ஃபெர்மா முதலிய அறிஞர்களோடு மடல் வழியே உறவாடி, ஒருவர் கண்டதை மற்றவர் அறியச் செய்தவர் அவர். இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போது பகா எண் கிடைக்கும் என்ற வினா அவரைக் கவர்ந்தது. 1644-இல் வெளியிட்ட நூலில், அடுக்கு 257 வரைக்கும் ஒரு பட்டியல் தந்தார். அதில் 67 இடம்பெற்றது. இரண்டை அறுபத்தேழு முறை வைத்துப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது 147573952589676412927.

பின்னர் 1876-இல் எதுவார் லூக்கா என்பவர் இது பகா எண் அன்று என மெய்ப்பித்தார். ஆயினும் எவ்வெண்களின் பெருக்கம் இது என்பதை அவரது முறை காட்டவில்லை. பிழை தெளிவாயிற்று, காரணிகள் மறைந்தே இருந்தன.

1903 அக்டோபர் 31 அன்று, நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் அவற்றை அளித்தார்: 193707721, 761838257287. அவர் ஒரு சொல்லும் பேசாமல் கரும்பலகையில் இவ்வெண்ணைக் கணக்கிட்டு, பக்கத்தில் அவ்விரண்டையும் பெருக்கிக் காட்டி, மௌனமாக இருக்கைக்குத் திரும்பினார் என்றும், அவையோர் ஆரவாரித்தனர் என்றும் ஈ. டி. பெல் எழுதியுள்ளார். இதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்று கோல் பின்னர் கூறினாராம்.

இங்கு ஒரு வியப்பும் உண்டு. இத்தகைய எண்ணின் பகாக் காரணியை அதன் அடுக்கால் வகுத்தால் ஒன்றே மீதி வரும் என்று ஃபெர்மா 1640-இல் எழுதியது மெர்சென் அடிகளாருக்கே. 193707721-ஐ 67-ஆல் வகுத்தால் மீதி ஒன்றே.

அடிகளாரின் பட்டியலில் 257-உம் பிழை; 61, 89, 107 விடுபட்டிருந்தன. எனினும் இவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. விடையில் தவறியவரை, வினாவை நம்மிடம் விட்டுச் சென்றவராக உலகம் போற்றுகிறது.

பெரியோர் கூற்றில் பிழை காணப்பட்டால் விசுவாசம் தளர்ந்துவிடுமோ என்று நம்மிற் சிலர் அஞ்சுகிறோம். வேறு சிலர் பிழையைச் சுட்டியதோடு பணி முடிந்ததெனக் கருதி, பங்குப் பேரவையிலும் இல்லத்திலும் குரலை உயர்த்துகிறோம். உண்மை அனைத்தும் இறைவனுடையதாயின் அச்சத்திற்கு இடமில்லை. சுட்டிய பிழைக்கு ஈடாக உண்மையைத் தேடி வைப்பதற்கு நம்முள் எத்தனை பேர் மூன்றாண்டு ஞாயிறுகளைத் தருவோம்?