எரிந்தன, எரித்தார்கள்

1

2019 ஏப்ரல் கடைசியில் விக்கிரமங்கலம் டீக்கடை ஒன்றில் நண்பர் ஒருவர் நாளேட்டின் கருத்துப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பொன்பரப்பி பற்றிய கட்டுரை. அதிலிருந்த சொற்கள் உங்களுக்கும் பழக்கமானவைதான்: இரு தரப்பினர், விரும்பத்தகாத சம்பவம், சில சக்திகள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் கடைசியில் கேட்டார்: "எல்லாஞ் சரிப்பா, அடிச்சது யாரு, அடி வாங்குனது யாரு?"

கட்டுரையில் பதில் இல்லை. நடந்தது இதுதான். ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் வன்னியர் சாதியைச் சேர்ந்த கும்பல் ஒன்று தலித் குடியிருப்புக்குள் புகுந்து ஆட்களை அடித்தது, வீடுகளை உடைத்தது.

பெரியவர் கேட்டது இலக்கணக் கேள்வி. எழுவாய் எங்கே, செயப்படுபொருள் எங்கே என்று கேட்கிறார்.

2

தமிழில் தன்வினை, பிறவினை என்று இரண்டு உண்டு. வீடு எரிந்தது, வீட்டை எரித்தான். முதலாவதில் ஆளே வேண்டாம், வீடு தானாகவே எரிந்துகொள்ளும். நம் கருத்துப் பக்கங்களுக்குப் பிடித்தமானது இதுதான். கூடவே நன்னூல் சொல்லும் இடக்கரடக்கல். அவையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மூடுவது. சாதி வன்முறை என்று வந்தால் கூச்சம் அடிபட்டவனின் சாதியிலா, அடித்தவனின் பெயரிலா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் நிலவுடைமையாளர்களும் அவர்களுடைய அடியாட்களும் ஒரு குடிசைக்குள் ஒண்டியிருந்த 44 தலித்துகளை எரித்துக் கொன்றார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். இது 'கூலித் தகராறு' ஆனது. கூலிப் போராட்டம் நடந்தது உண்மை. ஆனால் தகராறு என்ற சொல்லில் கொளுத்தியவனும் கருகியவனும் சமமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அரசு 1969இல் அமைத்த கணபதியா பிள்ளை கமிஷன் ஆராய்ந்ததும் விவசாயக் கூலி உறவுகளைத்தான். நாயுடு உள்ளிட்டோரை 1973இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பெருநிலக்காரர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிபதிகளால் நம்ப முடியவில்லை. எழுவாய் தீர்ப்பிலும் காணாமல் போயிற்று.

1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் பிணமானார்கள். 'நீரில் மூழ்கி இறந்தனர்' என்பது பிறகு வந்த வாக்கியம். மூழ்குவது தன்வினை. விரட்டியது?

3

மறுப்பு ஒன்று வரும். சாதிப் பெயரை எழுதினால் கலவரம் பரவாதா? பிரஸ் கவுன்சில் நெறிமுறைகளும் சாதி அடையாளத்தைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கின்றன. அந்தக் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஒரு சாதி முழுவதையும் குற்றவாளியாக்குவது வேறு, செய்தவனைச் சொல்வது வேறு. 'இரு தரப்பினர்' என்று எழுதும்போது அடிபட்டவனும் பாதிக் குற்றவாளி ஆகிறான். அது நடுநிலை இல்லை.

பொன்பரப்பி இருக்கிற அதே சிதம்பரம் தொகுதியில்தான் காட்டுமன்னார்கோயிலும் இருக்கிறது. அங்கே உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் எனப் பெயர் சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே தமிழுக்கு எழுவாய் தெரியும். செத்தது இளவரசன் என்பதால் கல்லில் ஏறியது. செத்தவன் கூலிக்காரன் என்றால் 'சம்பவம்' போதும்.

நாளை இந்த மாவட்டத்தின் வரலாற்றை எழுத வருகிறவர் பழைய நாளேட்டுக் கட்டுகளைத்தான் புரட்டுவார். அவருக்கு மோதல்களும் சம்பவங்களும்தான் கிடைக்கும்.

நாமும் யோக்கியமில்லை. 'ஆதிக்க சக்திகள்', 'அதிகாரம் இயங்கும் விதம்' என்று இந்தப் பக்கங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதிலும் ஆள் இல்லை. அடுத்த கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அந்தப் பெரியவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டலாம். அவர் அதே கேள்வியைக் கேட்டால் திருப்பி எழுத வேண்டியதுதான்.