ஆலையும் அதே, ஆட்களும் அதே: ஃப்ரீமான்ட் கதை

முதலாளி தொழிலாளி நம்பிக்கை பற்றிப் பேசினாலே யாராவது ஒருவர் ஜப்பானை உதாரணம் காட்டுவார். "அது அவங்க பண்பாடு, நமக்கெல்லாம் வராது" என்று இன்னொருவர் முடித்து வைப்பார். எனக்கு இதில் சந்தேகம் உண்டு. அதனால இன்னைக்கு ஜப்பானில் ஆரம்பிச்சு கலிஃபோர்னியா வரைக்கும் போகலாம்.

1949-இல் ஜப்பானில் கடுமையான பணச்சுருக்கம். வண்டி விற்கவில்லை, விற்ற வண்டிக்கும் பணம் வரவில்லை. டொயோட்டா மூழ்கும் நிலை. நிறுவனர் கீச்சிரோ டொயோடா ஆட்குறைப்பு செய்ய மாட்டேன் என்று தொழிற்சங்கத்திடம் உறுதி கொடுத்திருந்தார். அதை நம்பி சங்கம் சம்பளக் குறைப்புக்கு ஒத்துக்கொண்டது. ஆனால் கடன் கொடுத்த வங்கிகள் வேறு கணக்கு போட்டன. 1950 ஏப்ரலில் சுமார் 1,600 பேர் தாமாக விலக வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. கொடுத்த வாக்கு போச்சு. வேலைநிறுத்தம் வெடித்தது, ஜூன் வரை நீடித்தது. கடைசியில் கேட்டதைவிட அதிகம் பேர் வெளியேறினார்கள்.

கீச்சிரோவும் வெளியேறினார். ஜூன் மாதம் தலைவர் பதவியை ராஜினாமா செய்தார். அதே மாதம் 25-ஆம் தேதி கொரியப் போர் தொடங்கியது, அமெரிக்க ராணுவம் டிரக்குகளுக்கு ஆர்டர் கொடுத்தது, நிறுவனம் பிழைத்துக்கொண்டது. சில வாரம் முன்னாடி வந்திருந்தா எல்லாமே மாறியிருக்கும். அவரைத் திரும்பத் தலைவராக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது, 1952-இல் இறந்துபோனார்.

ஆக, "ஜப்பானியப் பண்பாடு" என்று நாம் சொல்வது அங்கே பிறவியிலேயே வந்ததில்லை. ஒரு வாக்கு உடைந்து, அந்த வெட்கத்தில் இருந்து வந்தது. நிர்வாகமும் சங்கமும் பரஸ்பர நம்பிக்கை என்ற சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அந்தக் கூட்டறிக்கை வந்தது 1962-இல்.

இப்ப கலிஃபோர்னியா. சான் பிரான்சிஸ்கோ வளைகுடா ஓரம் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஒன்று இருந்தது. ஜி.எம். ஆலைகளிலேயே மோசமானது என்று பெயர் வாங்கியது. ஒரு நாளைக்கு ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். வந்தவர்களில் சிலர் உள்ளேயே குடிப்பார்கள். கார் கதவுக்குள் காலி கோக் பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள், வாங்குகிறவன் ஓட்டும்போது கடகடவென்று சத்தம் வரட்டும் என்று! தீராத புகார் மனுக்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன. இன்னொரு பக்கம், நிர்வாகத்துக்கு ஒரே மந்திரம்தான்: அசெம்பிளி லைன் நிற்கக் கூடாது. தப்பான கார் வந்தாலும் ஓடட்டும், பிறகு வெளியே நிறுத்திச் சரிபண்ணிக்கலாம். அந்த மந்திரத்துக்குக் கீழே வேலை செய்கிறவனுக்கு என் வேலையை யாரும் மதிக்கவில்லை என்பது தினமும் எட்டு மணி நேரம் புரிந்துகொண்டே இருக்கும். பாட்டில் விஷயம் எனக்கு அப்படித்தான் தோணுது.

1982-இல் ஆலையை மூடினார்கள். அமெரிக்காவில் கார் தயாரிக்க டொயோட்டாவுக்கு ஆசை. சின்னக் கார் எப்படிச் செய்வது என்று தெரிந்துகொள்ள ஜி.எம்.முக்குத் தேவை. இரண்டும் சேர்ந்து அதே ஆலையை 1984-இல் திறந்தன. நியூ யுனைடெட் மோட்டார் மேனுஃபேக்சரிங், சுருக்கமாக நம்மி. (தமிழில் தட்டச்சு செய்யும்போது 'நம்பி' என்று விழுந்துவிடுகிறது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.)

யாரை வேலைக்கு எடுப்பது? பழைய ஆட்கள் வேண்டவே வேண்டாம் என்பதுதான் பலரின் எண்ணம். ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் மேற்கு வட்டாரப் பொறுப்பாளர் பெயர் புரூஸ் லீ. அந்த புரூஸ் லீ இல்லை, இவர் வேற! ஆட்கள் மோசமில்லை, அவர்களை நடத்திய முறைதான் மோசம் என்று அவர் வாதாடினார். ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் பழைய ஃப்ரீமான்ட்காரர்கள். பழைய சங்கத் தலைவர்களும் உள்ளே வந்தார்கள். குழுத் தலைவர்களாக வரப்போகிற நூற்றுக்கணக்கானவர்களை, சில வாரப் பயிற்சிக்கு டொயோட்டா ஜப்பானுக்கே அனுப்பியது.

எல்லாரும் சொல்வது ஆண்டான் கயிற்றைப் பற்றி. தவறு கண்ணில் பட்டால் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுக்கலாம். மணி அடிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார், தீரவில்லை என்றால் லைன் நிற்கும். சரிதான். ஆனால் என்னைக் கேட்டால், கயிற்றைவிடப் பெரிய விஷயம் ஸ்டாப்வாட்ச். பழைய ஆலையில் சுமார் 80 பொறியாளர்கள் கையில் கடிகாரத்தோடு தொழிலாளியின் பின்னால் நின்று, இந்த வேலைக்கு இத்தனை நொடி என்று விதித்தார்கள். அவர்கள் பார்க்கும்போது மெதுவாகச் செய்வது, போனதும் வேகமாக முடித்துவிட்டு உட்காருவது என்று தொழிலாளியும் பழகிக்கொண்டான். நம்மியில் அந்தக் கடிகாரத்தைத் தொழிலாளி கையிலேயே கொடுத்தார்கள். உன் வேலைக்கு எது சிறந்த முறை, எவ்வளவு நேரம், நீங்களே குழுவாக அளந்து எழுதுங்கள் என்றார்கள். சாப்பாட்டுக் கூடமும் எல்லாருக்கும் ஒன்றுதான். கார் நிறுத்த அதிகாரிகளுக்குத் தனி இடம் கிடையாது. 80-க்கும் மேலே இருந்த வேலைப் பிரிவுகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக் குறைந்தன.

இரண்டு வருஷத்துக்குள் நம்மியின் தரம் ஜப்பானில் இருந்த டொயோட்டா ஆலையை நெருங்கியது. வேலைக்கு வராதவர் விகிதம் மூன்று, நான்கு சதவீதத்துக்கு இறங்கியது. அதே கட்டடம், பெரும்பாலும் அதே ஆட்கள்.

ஆனால் நம்பிக்கைக்கு உண்மையான பரீட்சை நல்ல நாளில் வராதே. அங்கே தயாரான செவர்லே நோவா கார் 1987, 88 வாக்கில் சரியாக விற்கவில்லை. ஆலை தன் திறனில் 60 சதவீதத்துக்கும் கீழே ஓடியது. பழைய ஜி.எம். என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: நிறுவனமே பிழைக்குமா என்ற நிலை வந்தாலொழிய ஆட்குறைப்பு இல்லை; அப்படியே வந்தாலும் முதலில் அதிகாரிகளின் சம்பளம் குறையும், வெளியே கொடுத்த வேலை உள்ளே வரும். அந்த வரியை நிர்வாகம் மதித்தது. ஒருவரையும் நிறுத்தவில்லை. வேலை இல்லாதவர்களைப் பயிற்சிக்கும், ஆலையை மேம்படுத்தும் திட்டங்களுக்கும் அனுப்பியது. ஆரம்பத்தில் இதெல்லாம் நாடகம் என்று கைகட்டி நின்றவர்கள்கூட இதைப் பார்த்தார்கள்.

இதைப் பார்த்து ஜி.எம். தன் மற்ற ஆலைகளிலும் செய்ய நினைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வேன் நைஸ் ஆலையில் முயன்றது. சங்கத்தில் பலர் இதை வேலையைக் குறைக்கும் தந்திரமாகப் பார்த்தார்கள்; மேற்பார்வையாளர்களுக்குத் தங்கள் அதிகாரம் போகிறதே என்ற கவலை. லைனை நிறுத்தலாம் என்று சொன்ன அதே நிறுவனத்தில், எத்தனை கார் வெளியே வந்தது என்பதைப் பொறுத்துத்தான் மேலாளருக்கு போனஸ். அப்புறம் யார் கயிற்றை இழுக்க விடுவார்? 1992-இல் வேன் நைஸ் மூடப்பட்டது.

நம்மி சொர்க்கம் என்று சொல்லவில்லை. மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் என்ற தொழிலாளர் பத்திரிகை எழுத்தாளர்கள் இருவர் 1988-இலேயே இதை 'அழுத்தத்தால் நடத்தும் நிர்வாகம்' என்று விமர்சித்தார்கள். ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய அறுபது நொடியும் வேலை என்றால் உடம்பு என்ன ஆகும்? நியாயமான கேள்வி. சங்கத்துக்குள்ளேயே எதிரணி ஒன்று இருந்தது. 1993 மாடல் மாற்றத்தின்போது கை, தோள்பட்டைக் காயங்கள் கூடி, கலிஃபோர்னியா மாநிலப் பாதுகாப்புத் துறை நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அதன் பிறகுதான் நிர்வாகமும் சங்கமும் உட்கார்ந்து இதற்கென்று தனி ஆட்களை வைத்தார்கள்.

2009-இல் ஜி.எம். திவாலாகி, கூட்டிலிருந்து விலகியது. தனியாக நடத்துவது கட்டுப்படியாகாது என்றது டொயோட்டா. 2010 ஏப்ரல் 1 அன்று கடைசி கார் வெளியே வந்தது. சுமார் 4,700 பேர் வேலை இழந்தார்கள். அவர்களுக்காக டொயோட்டா 25 கோடி டாலர் ஒதுக்கியது. கேட்டுக்கு வெளியே நின்ற பலருக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷமாக அவர்களிடம் படித்துக் காட்டிய ஒப்பந்தத்தின் அந்த வரி அவர்களுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. கட்டடத்தை அதே ஆண்டு டெஸ்லா வாங்கியது.